வாடைக் காலத்தில் குஞ்சு பொரித்து வளர்க்க: இராமநாதபுரம் கடலோரத்தில் புதிதாகக் கோழி வைப்பவர்களுக்கு

தேவிபட்டினம் பக்கம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கொல்லையில் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழிகள் எப்போதும் மேயும். கார்த்திகை, மார்கழியில் பொரித்த குஞ்சு தங்காது என்று நம் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். அனுபவத்தில் சொல்கிறேன், தங்கும். அதற்கு நம் கடலோரக் குளிர் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் தை மாத இரவில்கூட வெப்பம் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்கு ஒரு போர்வை போதும். ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் தன்னைச் சுற்றி 35 டிகிரி வேண்டும். உடம்பில் பஞ்சு மட்டும்தான் இருக்கிறது, இறகு இல்லை. அந்தப் பஞ்சு நனைந்து, மேலே வாடைக்காற்றும் பட்டுவிட்டால் ஒரே இரவில் முடிந்துவிடும். அதனால் நாம் முதலில் தடுக்க வேண்டியவை காற்றும் ஈரமும். சூடு கொடுப்பது அதற்கு அடுத்த வேலை. நான் இதைத் தலைகீழாகச் செய்துதான் பாடம் படித்தேன்.

முதல் வருடம் 13 குஞ்சு பொரித்தது. கூட்டுக்குள் வைக்கோல், மேலே சாக்கு, நல்ல தாய்க்கோழி என்று எல்லாம் இருந்தன. கூட்டின் வாசல் மட்டும் வடக்குப் பார்த்து இருந்தது. இரவு சாரல் அடித்திருக்கிறது. விடிந்து பார்த்தால் தாயின் இறக்கைக்கு அடியில் 4 உயிரோடு இருந்தன. மற்றவை வாசல் ஓரத்தில் பஞ்சு ஒட்டிப்போய், என் பெருவிரல் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. அடுத்த வீட்டு அப்பத்தா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, கூட்டு வாசல வாடைக்குக் குடுத்து வச்சிருக்கியே, குஞ்சு எப்படித் தங்கும்? திருப்பி வையி." அன்றே திருப்பி வைத்தேன்.

எப்போது அடை வைப்பது

முட்டை பொரிக்க 21 நாள். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகை முதல் பாதியிலும் அடைமழை பெய்யும்போது குஞ்சு கையில் இருக்கக் கூடாது. டிசம்பர் முதல் வாரத்தில் அடை வைத்தால் மாதக் கடைசியில் பொரிக்கும். மழை குறைந்து காற்று மட்டும் இருக்கும். அந்தக் குஞ்சுகள் மாசியில் 8 வாரம் நிறைந்து, கோடைக்கு முன்பே தேறிவிடும்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பார்கள். உள்நாட்டுக்கு அது சரி. நம் கடலோரத்தில் அதை நம்பி அசந்திருக்க முடியாது. தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22 இரவு, அதாவது மார்கழியில். அதனால் குஞ்சு கொல்லையில் இருந்தாலும், புயல் அறிவிப்பு வந்தால் தூக்கி வீட்டுக்குள் வைக்க ஒரு அட்டைப்பெட்டியோ கடகமோ தயாராக இருக்கட்டும்.

கூடு

வாடை வடக்கிலிருந்தும் கொண்டல் கிழக்கிலிருந்தும் அடிக்கும். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் போன்ற பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களில் இந்தக் காற்று நேரே கடலிலிருந்து ஏறுகிறது, உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் அதே காற்று நிலத்தைக் கடந்து வருவதால் கொஞ்சம் தணிந்திருக்கும். எந்தப் பக்கமாக இருந்தாலும் வாசல் தெற்கு அல்லது மேற்கு பார்க்கட்டும். வடக்கிலும் கிழக்கிலும் பனையோலைத் தட்டியை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். சாக்கு மட்டும் கட்டினால் சாரலில் ஊறி, உள்ளே குளிரைத்தான் இறக்கும். தார்ப்பாய் கட்டுவதானால் வெளிப்பக்கம் தார்ப்பாய், உள்பக்கம் ஓலை.

மேலே கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளியை எந்தக் குளிரிலும் அடைக்காதீர்கள். உள்ளே கண் எரிகிற நெடி சேர்ந்தால் குஞ்சுக்குச் சளி பிடிக்கும். காற்று குஞ்சின் முதுகில் படாமல் தலைக்கு மேலே போய்வர வேண்டும்.

கூட்டைத் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கல் அடுக்கி வையுங்கள். 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நம் மணல் தரை தண்ணீரை உறிஞ்சிவிடும் என்ற நினைப்பெல்லாம் அப்படிப்பட்ட மழைக்கு எடுபடாது.

முட்டை

சேவல் சேர்ந்த கோழியின் முட்டைதான் பொரிக்கும். 8 அல்லது 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நடுத்தர அளவில், ஓடு வழுவழுப்பாக, சுத்தமாக இருக்கும் முட்டைகளை எடுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் காப்புப் போய், துளை வழியே கிருமி உள்ளே போகும். லேசான அழுக்கு என்றால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இட்ட தேதியைப் பென்சிலால் முட்டையிலேயே எழுதுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டில் குளுமையான மூலையில், அரிசியிலோ உமியிலோ செருகி வைக்கலாம். பிரிட்ஜ் வேண்டாம். 7 நாளுக்குள் அடை வைத்துவிட்டால் நல்லது. 10 நாளைத் தாண்டியதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைக்கோழியிடம் வைத்தால்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் முதல் யோசனை அடைக்கோழிதான். கரண்ட் போனாலும் அது எழுந்திருக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் உறுமி, இரவிலும் பெட்டியை விட்டு இறங்காத கோழிதான் உண்மையான அடைக்கோழி. இரண்டு நாள் கூமுட்டையை வைத்துப் பாருங்கள். அசையாமல் உட்கார்ந்தால், இரவில் நல்ல முட்டையை மாற்றி வையுங்கள்.

வெயில் காலத்தில் 12 முட்டை வைக்கிற கோழிக்கு இப்போது 8 அல்லது 9 போதும். எல்லா முட்டையும் அதன் வயிற்றுக்கடியில் அடங்க வேண்டும். வெளியே துருத்தும் முட்டை இரவில் ஆறிவிடும். கோழி முட்டைகளை உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், இன்று ஓரத்தில் ஆறிய முட்டை நாளை நடுவுக்குப் போகும், வேறொன்று ஓரத்துக்கு வரும். இப்படி மாறி மாறி எல்லாமே கெட்டுப்போகும்.

அடைப்பெட்டிக்குப் பனையோலைக் கடகத்தைவிட நல்லது இல்லை. ஈரம் பிடிக்காது, காற்றும் உள்ளே வரும். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மணல், அதன்மேல் வைக்கோல். மணல் விஷயத்தில் மட்டும் கவனம். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் காயவைத்தாலும் மழை நாளில் மறுபடி கசியும். ஆற்று மணலையோ கண்மாய் மணலையோ வெயிலில் காயவைத்துப் போடுங்கள். வெயில் இல்லையென்றால் இரும்புச் சட்டியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டுப் போடலாம். பேனும் செள்ளும் வராமல் இருக்க வேப்பிலையும், கோழியின் இறக்கை அடியில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போதும்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டு வைப்பார்கள். போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இடிமழை இரவில் முட்டை கெடுவது கோழி மிரண்டு இறங்கிவிடுவதாலும், ஒழுகிய தண்ணீர் பெட்டியில் இறங்குவதாலும்தான். கூரையைப் பாருங்கள்.

தினம் ஒருமுறை வெயில் ஏறிய பிறகு கோழியை இறக்கி, கம்போ சோளமோ கொடுத்து, தண்ணீர் காட்டி, எச்சம் போட விடுங்கள். 15, 20 நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். அது நனைந்து வந்தால் அப்படியே முட்டை மேல் உட்கார விடாமல் துணியால் துடைத்துவிடுங்கள்.

இன்குபேட்டரில் வைத்தால்

கடையில் வாங்கினாலும் சரி, தெர்மோகோல் மீன்பெட்டியில் நீங்களே செய்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. காற்றாடி இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி அளவு. பெட்டி செய்பவர்கள் குண்டு பல்பு போடுங்கள், எல்.இ.டி. பல்பில் சூடு வராது. ஒன்று பீஸானாலும் மற்றது காப்பாற்றும்படி இரண்டு பல்பு போடுவது நல்லது. பல்பு தெர்மோகோலைத் தொடாமல் நடுவே தகரம் வையுங்கள், தீப்பிடிக்கும்.

காட்டும் அளவை அப்படியே நம்பாதீர்கள். நான் வாங்கிய முதல் பெட்டி 37.5 என்றே காட்டியது. குஞ்சுகள் 19ஆம் நாளே ஓட்டை உடைத்தன, தொப்புள் ஆறாமல் வெளியே வந்தன. 30 முட்டைக்கு 6 தேறியது. பிறகு காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் உள்ளே 39 இருந்தது. நாளுக்கு முன்பே பொரித்தால் சூடு அதிகம், 22, 23 நாள் இழுத்தால் சூடு குறைவு. முட்டை அடுக்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓடவிட்டு இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஈரப்பதம்தான் நம் ஊரில் பலரும் தவறுகிற இடம். முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி 3 நாள் 65 முதல் 70 என்று பெட்டியோடு வரும் தாளில் இருக்கும். அதைப் படித்துவிட்டு முதல் நாளே தட்டு நிறையத் தண்ணீர் வைத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் நம் காற்றிலேயே 80 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. அந்தக் காற்று பெட்டிக்குள் போய்ச் சூடாகும்போது, தண்ணீர் வைக்காமலேயே 40க்கு மேல் நிற்கும். ஒரு சிறிய மூடி அளவு தண்ணீர் போதும். ஈரம் மிஞ்சினால் முட்டைக்குள் இருக்கும் நீர் வற்றாது, அகன்ற முனையில் காற்றறை பெரிதாகாது, கடைசி நாளில் குஞ்சு மூக்கால் ஓட்டை உடைக்கும்போது மூச்சுக்கு இடமில்லாமல் உள்ளேயே செத்துப்போகும். வீட்டில் சின்னத் தராசு இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். 40 கிராம் முட்டை 18ஆம் நாளில் 35 கிராமுக்கு வந்திருந்தால் சரியாகப் போகிறது.

முட்டையைத் தினம் குறைந்தது 3 முறை திருப்ப வேண்டும், 5 முறை என்றால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 18ஆம் நாளோடு நிறுத்திவிடலாம்.

கரண்ட் போனால் பதற்றம் வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் போர்த்தி, காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். ஓரிரு மணி நேரத்தை முட்டை தாங்கும். அதற்கு மேல் நீண்டால் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே ஓரமாக வையுங்கள். பயத்தில் சூட்டை அதிகமாக ஏற்றிவிடுவதுதான் ஆபத்து. ஆறிய முட்டை பல நேரம் பிழைக்கும், வெந்தது பிழைக்காது. நான் இப்போது பெட்டியில் வைக்கும் அதே நாளில் ஒரு அடைக்கோழியையும் உட்கார வைக்கிறேன். புயல் நாளில் கரண்ட் வராவிட்டால் நல்ல முட்டைகளை அதனடியில் தள்ளிவிடலாம்.

ஏழாம் இரவு

இந்த இரவுக்காகவே நான் காத்திருப்பேன். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு, அதன் மேல் கையைக் குழாய் போலக் குவித்து, முட்டையின் அகன்ற முனையை வையுங்கள். முட்டை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் எரியும். நல்ல முட்டை என்றால் உள்ளே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் சிவந்த நரம்புகள், சிலந்தி கால் நீட்டியதுபோல. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அந்தப் புள்ளி துடிப்பது தெரியும். ஒன்றுமே இல்லாமல் வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். 14ஆம் நாள் இன்னொரு முறை பார்த்தால் போதும்.

பொரிக்கும் நாள்

18ஆம் நாளுக்குப் பிறகு பெட்டியைத் திறக்காதீர்கள். அப்படி மூடுவதற்கு முன்புதான் தண்ணீரை அதிகமாக வைக்க வேண்டும். 20ஆம் நாள் காது கொடுத்தால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கும். முதல் துளைக்கும் முழுதாக வெளிவருவதற்கும் நடுவே 12 மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். அந்த நேரத்தில் சவ்விலுள்ள இரத்தமும் மஞ்சள் கருவும் குஞ்சின் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வடிந்துவிடும்.

வெளியே வந்த குஞ்சு பஞ்சு காயும்வரை உள்ளேயே இருக்கட்டும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்து இரண்டு நாள் தாங்கும், பசிக்குமே என்று ஈரக் குஞ்சை எடுக்க வேண்டியதில்லை. அடைக்கோழி இருந்தால், காய்ந்த குஞ்சுகளை அன்றிரவு இருட்டில் அதன் இறக்கைக்கு அடியில் செருகிவிடுங்கள். விடிந்தால் தன் குஞ்சு என்றே ஏற்றுக்கொள்ளும். ஒரு கோழிக்கு 12க்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்தில் வளர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் இறக்கை மூடாது.

தாயில்லாக் குஞ்சுக்குச் சூடு

30 குஞ்சுக்கு 3 அடி விட்டத்தில் அட்டையோ தகரமோ வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலை இருந்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிச் சாகும், அதனால்தான் வட்டம். தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி அல்லது கடலைத்தோல். முதல் மூன்று நாள் அதன்மேல் சாக்கு விரியுங்கள், இல்லாவிட்டால் உமியைத் தின்றுவிடும். செய்தித்தாள் வழுக்கும், கால் அகன்றுபோகும்.

குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்து, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை நடுவில் தொங்கவிடுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பல்பை மேலே ஏற்றினாலே போதும். நம் ஊரில் நான்காம் வாரத்துக்குப் பிறகு பகலில் விளக்கே தேவைப்படாது, காற்று அடிக்கும் இரவில் மட்டும் போடலாம்.

தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகள்தான் சரியாகச் சொல்லும். இரவு படுக்கப்போகும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பல்புக்கு அடியில் குவியலாகக் கிடந்து கத்தினால் குளிர்கிறது. வாயைப் பிளந்துகொண்டு ஓரத்துக்குப் போனால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது, கையை வைத்துத் தடவிக் கண்டுபிடித்து அடையுங்கள். பரவலாகப் படுத்து, ஒன்றிரண்டு மெதுவாக முனகிக்கொண்டிருந்தால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

கரண்ட் இல்லாத இரவுக்கு நம் மாவட்டத்துச் சீமைக்கருவேலங் கரி கைகொடுக்கும். வெளியே வைத்து முழுக்கச் சிவக்கும்வரை எரியவிட்டு, புகை நின்ற பிறகு மண்சட்டியில் போட்டு, மேலே துளையிட்ட சட்டியைக் கவிழ்த்து, குஞ்சு தொடாத தூரத்தில் வையுங்கள். மூடிய அறையில் ஒருபோதும் வேண்டாம். கரியிலிருந்து வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது, குஞ்சையும் கொல்லும், அதே அறையில் படுத்திருக்கும் மனிதரையும் கொல்லும்.

தண்ணீரும் தீனியும்

முதலில் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்துத் தீனி. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு எலுமிச்சை அளவு கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, முதல் நாள் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு குஞ்சின் மூக்கையும் ஒருமுறை நனைத்துவிட்டால் குடிக்கக் கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இறங்கி நனையாது.

கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் குஞ்சுக்கு வேண்டாம். காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டுகிற தண்ணீரைக் குடித்தால் நீராகக் கழியும், கீழே உமி நனையும், அதிலிருந்து எல்லா நோயும் தொடங்கும். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் கொடுங்கள், அல்லது ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்.

தீனிக்கு முதல் 6 வாரம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் நல்லது, அதில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும். அரிசிக்குருணை, உடைத்த கம்பு கலந்துகொள்ளலாம். வெறும் குருணையில் வளரும் குஞ்சுக்கு இறகு முளைக்க நாளாகும், குளிர்காலத்தில் அந்தத் தாமதமே ஆபத்து. கரையான் கிடைத்தால் ஒரு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொடுக்கலாம். கருவாட்டுத்தூளில் மட்டும் கை வைக்கும்முன் யோசியுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று உப்புக் கருவாட்டை இடித்துப் போட்டு மொத்தக் குஞ்சையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். உப்பு சேர்க்காமல் வெயிலில் காய்ந்த நெத்திலியோ சாளையோ மட்டும், இரண்டு வாரத்துக்குப் பிறகு, ஒரு சிட்டிகை.

தாயோடு மேயும் குஞ்சுகளை முதல் வாரம் பஞ்சாரத்துக்குள் வையுங்கள். பிறகு பனி காய்ந்து வெயில் ஏறிய பின் திறந்துவிட்டு, மாலை 5 மணிக்குள் அடைத்துவிடுங்கள்.

நோய்

7ஆம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு மேல் போடலாம், கலக்கிய மருந்து சிறிது நேரத்துக்குத்தான் தாங்கும். அதனால் தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவது லாபம். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். நோய்ப்பட்ட குஞ்சுக்குப் போடாதீர்கள்.

3 முதல் 6 வாரத்துக்குள் இரத்தக் கழிச்சல் வரும். காரணம் நனைந்த உமியில் பெருகும் கிருமி. தினமும் கிளறிவிடுங்கள், தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்ததை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போய்த் தண்ணீரில் கலக்கும் மருந்தை வாங்குங்கள், ஒரு நாள் தள்ளினால் பாதி போய்விடும். மழைக்குப் பின் கொசு பெருகும்போது அம்மை வரும். அதற்கும் 6, 7 வாரத்தில் தடுப்பூசி உண்டு. கொப்புளத்துக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவலாம்.

8ஆம் வாரம் வெள்ளைக் கழிச்சலுக்கு இறக்கையில் ஊசி போட வேண்டும். கால்நடைத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் ஊர் ஊராக இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும். டிசம்பர் கடைசியில் பொரித்த குஞ்சுக்கு அந்த முகாம் நேரமும் 8ஆம் வாரமும் ஒத்துவரும். முகாமுக்கு முந்தின இரவே எல்லாவற்றையும் கூட்டில் அடைத்து வைத்துவிடுங்கள். விடிந்து திறந்துவிட்டால் ஒன்றும் கையில் சிக்காது.